நீலகிரியின் காணிக்கையும் மலையகத்தின் பிரசங்கியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது நீலகிரியிலுள்ள ஒரு பாப்டிஸ்ட் சபை இலங்கையின் மலையகத் தோட்டங்களில் உள்ளூர்ப் பிரசங்கிகளை உருவாக்க எடுத்த முயற்சியின் பதிவு. சபைக் கூட்டக் குறிப்பேடு, பொருளாளரின் கணக்குப் புத்தகம், அக்கரையிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றைப் பார்த்து எழுதப்பட்டது. ஆட்களின் பெயர்களும் தோட்டங்களின் பெயர்களும் நீக்கப்பட்டுள்ளன. சபையின் மிஷனரிக் குழுவில் இருப்பவன் என்பதால் என் கருத்தை ஒளிக்கவில்லை; அது கருத்து என்பது தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

பின்னணி

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில் தேயிலைச் சரிவின் மேல் நிற்கும் சிறிய சபை. ஞாயிறு ஆராதனைக்கு எழுபது, எண்பது பேர் வருவார்கள். ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் இலங்கையிலிருந்து வந்தவை. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் முடிவானது. மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து மலையேறியவர்கள் இவர்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சபையின் மூத்தவர்களில் பலர் அங்கே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்கள்.

பங்கீட்டில் குடும்பங்களும் பிரிந்தன. அண்ணன் கோத்தகிரியில், தம்பி இலங்கையின் பொகவந்தலாவையில் என்பது இங்கே சாதாரணம். இந்த ஊழியத்தின் வேர் மிஷனரி ஆர்வத்தில் இருப்பதாகச் சபை அறிக்கைகள் சொல்லும். என் கணிப்பில் அதற்குச் சமமான பங்கு சொந்தபந்தத்துக்கு உண்டு. பின்னால் வந்த சிக்கல்களில் சிலவும் அங்கிருந்தே முளைத்தன.

இலங்கையில் பாப்டிஸ்ட் ஊழியம் புதியதல்ல. இங்கிலாந்தின் கெட்டரிங்கில் 1792-இல் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் உருவானது. அது அனுப்பிய ஜேம்ஸ் சேட்டர் 1812-இல் கொழும்பில் இறங்கினார். ஆனால் தோட்டத் தமிழர்களிடையே முதலில் முறையாக இறங்கியது ஆங்கிலிக்கர்களின் தமிழ்க் கூலி மிஷன், ஆண்டு 1854. ஆகவே மலையகத் தோட்டங்களில் பாப்டிஸ்ட் கூட்டங்கள் இன்றும் சிறியவை. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் கோடி அறையிலோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலோ கூடுகிறவர்கள்தான் அதிகம்.

பாப்டிஸ்ட் முறையைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்த நிகழ்வு விளங்காது. விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கு மூழ்கு ஞானஸ்நானம் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதைவிட இங்கே முக்கியமானது, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளுகிறது என்பது. பேராயர் கிடையாது. போதகரை அழைப்பதும் அனுப்பிவிடுவதும் சபையாரின் கூட்டம்தான்.

தொடக்கம்

இலங்கையில் போர் முடிந்த பிறகு போக்குவரத்து எளிதாயிற்று. உறவினர் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தவர்கள் ஒரே செய்தியைக் கொண்டுவந்தார்கள்: ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் நான்கு சிறு கூட்டங்கள் இருக்கின்றன, பிரசங்கம் செய்ய ஆள் இல்லை. டவுனிலிருந்து போதகர் மாதம் ஒரு முறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போகிறார். மற்ற ஞாயிறுகளில் பாட்டும் ஜெபமும் மட்டும்.

2016-இல் சபைக் கூட்டம் இந்தப் பொறுப்பை ஏற்றது. பெண்கள் ஐக்கியம், சமைக்கும்போது ஒதுக்கிவைக்கும் பிடியரிசிக் காணிக்கையை இதற்கென்று ஒதுக்கியது. கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் தசமபாகத்தில் ஒரு பங்கு சேர்ந்தது. பசுந்தேயிலை விலை இறங்கும் மாதங்களில் உண்டியல் இளைக்கும். ஆனாலும் மாதம் தவறவில்லை. திட்டம் எளிமையானது. நான்கு இளைஞர்களை இலங்கையிலேயே ஒரு வேதாகமப் பள்ளியில் ஓராண்டு தங்கிப் படிக்க வைப்பது. திரும்பியதும் அவரவர் தோட்டத்தில் முழுநேர ஊழியராக நிறுத்தி, ஆளுக்கு மாதம் 6,000 இந்திய ரூபாய் படி கொடுத்துத் தாங்குவது.

பணத்தை அனுப்புவதில் முதலிலேயே ஒரு முட்டுக்கட்டை. சபை பதிவு பெற்ற அறக்கட்டளை. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் தனிநபர்களுக்குத்தான், அறக்கட்டளைகளுக்கு இல்லை. அறக்கட்டளையின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் இல்லாதவரை அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கும் கிடையாது. கொழும்பில் ஆள் வைத்து உண்டியல் முறையில் (வங்கிக்கு வெளியே, ஆள் மூலமாக) மாற்றித் தருவதாக ஒரு வியாபாரி முன்வந்தார். கமிஷன் குறைவு, பணம் மறுநாளே போய்ச் சேரும். பொருளாளர் ஒப்பவில்லை, அது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார். கடைசியில் நான்கு உறுப்பினர்கள் தங்கள் பான் எண்ணைக் கொடுத்து, தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து அன்பளிப்பாக வங்கி வழியே அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் ஓர் ஊழியரின் பெயருக்கு. சட்டப்படி சுத்தமான வழி. ஆனால் அதன் பக்கவிளைவாக ஒவ்வொரு பிரசங்கிக்கும் நீலகிரியில் ஒரு தனிப்பட்ட புரவலர் ஏற்பட்டுவிட்டார்.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் பதிய வேண்டும். நால்வரில் மூவர் நம் சபைக் குடும்பங்களின் உறவினர்கள். ஒருவர் சித்தப்பா மகன், ஒருவர் மாமன் மகனின் மகன், இன்னொருவர் சம்பந்தி வீட்டார். தோட்டத்துச் சபையாரைக் கூட்டிவைத்து, “இவரை உங்கள் பிரசங்கியாக ஏற்கிறீர்களா?” என்று யாரும் கேட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. உறவு வழி என்றால் சாதி வழியும்தான். இரண்டு சாதியாரும் கலந்திருந்த ஒரு தோட்டத்தில் இது முணுமுணுப்பாகத் தொடங்கி, ஒரு சாரார் திருவிருந்துக்கு வராமல் நின்றதில் போய் முடிந்தது.

2018-இல் நம் போதகர் அங்கே போய் ஒரு வாரம் வகுப்பெடுக்கப் புறப்பட்டார். கையில் சுற்றுலா அனுமதி. இரண்டாம் நாள் யாரோ கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் சுற்றுலா அனுமதியில் வந்தவர் சமயம் போதிக்கக்கூடாது என்பது அந்நாட்டு விதி, அதை மறுத்துப் பேச இடமில்லை. வாக்குமூலம் எழுதிக்கொடுத்துவிட்டு வகுப்பை நிறுத்தினார். அவர் திரும்பி வந்த பிறகும் அந்தக் கூட்டத்தின் மேல் அக்கம்பக்கத்தாரின் கண் பல மாதம் இருந்தது. விமானமேறி வந்துவிடுகிறவருக்கு ஒரு நாள் சங்கடம். அங்கேயே இருக்கிறவர்களுக்கு அப்படியில்லை.

2019 முதல் 2021 வரை கண்டவை

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில வாரங்கள் கூட்டங்கள் நின்றன. அடுத்த ஆண்டு கொரோனா. பிரசங்கிகள் வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பினார்கள். லயங்களில் பாதிக்கு சிக்னல் இல்லை. இவற்றையெல்லாம் விதிவிலக்கான காலம் என்று சபை கடந்துபோயிற்று.

விதிவிலக்கில் அடங்காத சில விஷயங்களும் இருந்தன. முதலாவது, அறிக்கைகள். மாதா மாதம் நால்வரும் நீலகிரிக்கு அறிக்கை அனுப்பினார்கள்: கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர், வீடு சந்திப்பு எத்தனை, புதியவர்கள் எத்தனை. கூடவே புகைப்படம். அவரவர் சபைக்கு அவர்கள் எந்தக் கணக்கும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இரண்டாவது, காணிக்கை. பிரசங்கி இல்லாத காலத்தில் டவுன் போதகரின் பஸ் செலவுக்கென்று தோட்டத்தார் மாதம் ஒரு தொகை சேர்த்துவந்தார்கள். நீலகிரிப் பணம் வந்ததும் அது நின்றது. ஒரு டீக்கன் எழுதிய கடிதத்தில், “ஐயாமாருக்கு இந்தியாவில் இருந்து வருகிறதுதானே” என்று ஒரு வரி. அவர் குறையாகச் சொல்லவில்லை, இயல்பான உண்மையாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் அது எனக்கு உறைத்தது.

மூன்றாவது, நேரம். ஓராண்டுப் படிப்பில் கற்ற ஞாயிறு காலை பத்து மணி ஆராதனை தோட்டத்துக்குப் பொருந்தவில்லை. ஞாயிறு காலையில் கைக்காசுக் கொழுந்துக்கு, அதாவது அன்றே கையில் காசு தரும் பறிப்புக்கு, போனால்தான் பல வீடுகளில் அந்த வாரச் சாமான் வாங்க முடியும். பெண்கள் மலையிலிருந்து இறங்கும்போது ஆராதனை முடிந்திருக்கும். நால்வரில் ஒருவர் மட்டும் நேரத்தை மாலைக்கு மாற்றினார். மற்ற மூவரும், வராதவர்களின் ஆவிக்குரிய குளிர்ச்சியைப் பற்றி அறிக்கையில் எழுதினார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. லயத்தில் சாவு விழுந்தால் முதலில் தேவைப்படுகிறவர் பிரசங்கிதான். தோட்ட மேலாளரான துரையிடம் பேசி அடக்கத்துக்கு இடம் கேட்க வேண்டும். தப்பு மேளம் அடிக்க வேண்டும் என்று நிற்கும் இந்து உறவினர்களிடம் மனம் புண்படாமல் பேச வேண்டும். இராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். ஓராண்டு படித்தவர்களுக்கு ரோமர் நிருபத்தின் அமைப்பு தெரிந்திருந்தது. சாவு வீட்டில் எதைச் செய்வது, எதை விடுவது என்பது தெரியவில்லை. இது பள்ளியின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அது பொதுவான போதகப் படிப்பைக் கொடுத்தது. தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் தோட்டத்தார், அவர்களை யாரும் கேட்கவில்லை.

2022

இலங்கையின் பொருளாதார நெருக்கடி ஆண்டுதான் இவை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. 2021-இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையால் கொழுந்து குறைந்து, நாள் கணக்குக் கிலோவை எட்ட முடியாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. டாலருக்கு 200 ரூபாயாக இருந்த மதிப்பு சில வாரங்களில் 360 வரை சரிந்தது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது.

இதைப் படியின் கணக்கில் பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் 6,000 இந்திய ரூபாய் அங்கே சுமார் 16,000 இலங்கை ரூபாய். மே மாதத்தில் அதே 6,000, 27,000-ஐத் தாண்டியது. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபாயிலேயே நின்றது. மாதம் இருபது நாள் முழுப்பேர் கிடைத்தால்கூட, பிடித்தம் போக இருபதாயிரத்துக்குக் கீழே. அரைப்பேர் நாட்களைச் சேர்த்தால் இன்னும் குறைவு.

பிரசங்கிகள் பணக்காரர்களாகிவிடவில்லை. அவர்கள் கையில் வந்த கூடுதல் தொகையை விலைவாசி தின்றுவிட்டது. முன்பு வாங்கிய மாவையும் பால்மாவையும் வாங்கும் அளவில் அப்படியே நின்றார்கள், அவ்வளவுதான். ஆனால் சுற்றியிருந்த லயம் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. முன்பு தோட்டச் சம்பளத்துக்குக் குறைவாக வாங்கி, அதனாலேயே மதிக்கப்பட்டவர்கள், ஒன்றும் செய்யாமலே தோட்டத்தில் வசதியானவர்களாகத் தெரிந்தார்கள். ஒருவர் லயத்தை விட்டு டவுனில் அறை எடுத்துக்கொண்டார். கடன் கேட்டு வருகிறவர்களின் தொல்லை தாங்கவில்லை என்று காரணம் எழுதினார். நான் அதைப் பொய் என்று நினைக்கவில்லை.

அதே சமயம் வெளிநாட்டுப் பாப்டிஸ்ட் நண்பர் சபை ஒன்று, இன்னும் பத்துப் பிரசங்கிகளைத் தாங்கும் அளவுக்கு எங்களிடம் பணம் தருவதாக எழுதியது. நாங்கள் இலங்கைக்கு அனுப்பிவிட வேண்டுமாம்.

சபைக் கூட்டமும் அங்கே எடுத்த முடிவுகளும்

2022 ஜூலையில் கூடிய சபைக் கூட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டது. குறிப்பேட்டில் பாதிப் பக்கம்தான் இருக்கிறது. நான் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நண்பர் சபையின் பணம் முதலில் முடிந்தது, அதில் விவாதம் இல்லை. எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லை. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை வேறு ஆளுக்கோ அமைப்புக்கோ கைமாற்ற முடியாது. இலங்கையில் சட்டப்படி இயங்கும் சபைகளோடு நேரடியாகப் பேசும்படி அவர்களுக்கு எழுதுவதென்று தீர்மானம்.

பிறகு படி. போதகர் உருக்கமாகப் பேசினார். “பஞ்ச காலத்தில் ஓர் ஊழியக்காரனின் படியைக் குறைப்பதை என் மனச்சாட்சி ஏற்காது.” கூட்டத்தில் பெரும்பாலோர் அவர் பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொருளாளர், டேன்டீ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதக் கணக்கைப் படித்துக்காட்டினார். யாருக்கும் மனம் மாறியதாகத் தெரியவில்லை.

மாற்றியவர் பெண்கள் ஐக்கியத்தின் மூத்த அக்கா ஒருவர். சிறுமியாக இருந்தபோது தலைமன்னாரில் கப்பலேறியவர். “பாஸ்டர் ஐயா, எங்கள் தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்த கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தது துரை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எத்தனை தலை நிற்கிறதோ அத்தனைக்குக் காசு. கங்காணி எங்கள் சாதிசனம்தான், எங்கள் பாஷைதான். ஆனால் எங்கள் ஆளா என்று எங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். இந்தப் பிள்ளைகள் மாதா மாதம் தலை எண்ணி நமக்கு எழுதுகிறார்கள். நாம் யார் இதில்?”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாப்டிஸ்ட் முறையில் பேராயர் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர் யாரும் தேர்ந்தெடுக்காமலே பேராயராகிவிடுகிறார் என்பதை அந்த அக்கா தன் வழியில் சொல்லிவிட்டார். இளைஞர் ஒருவர் எழுந்து, 1805-இல் வங்காளத்துச் செராம்பூரில் பாப்டிஸ்ட் மிஷனரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கையை நினைவுபடுத்தினார். இந்தியா முழுவதும் நற்செய்தி பரவுவது உள்நாட்டுப் பிரசங்கிகளால்தான் முடியும் என்றும், சபைகள் தங்கள் சொந்த ஆட்களையே போதகராகவும் டீக்கனாகவும் தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. செராம்பூர்க் குழு 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் கொடுத்த முதல் இந்தியரான கிருஷ்ண பாலும் தச்சுவேலை செய்தவர்தான் என்று அவர் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் எடுத்த முடிவுகள் இவை. நால்வரின் படியை உடனே நிறுத்துவதில்லை. அதை இலங்கை ரூபாயில் நிலைநிறுத்தி, ஒன்றரை ஆண்டில் மூன்று கட்டமாகக் குறைத்து முடிப்பது. அந்தக் காலத்துக்குள் அவரவர் சபை அவர்களை அழைக்கலாம், அழைக்காமலும் விடலாம். மாற்று மதிப்பால் மிச்சமாகும் தொகையை மாவுக்கும் பால்மாவுக்கும் கொடுப்பது. ஆனால் பிரசங்கியின் கையால் கொடுக்கக்கூடாது, ஆராதனை முடிந்து கொடுக்கக்கூடாது, சபையாருக்கு மட்டும் கொடுக்கக்கூடாது. தோட்டத் தலைவரும் லயத்துப் பெண்களும் சேர்ந்து எழுதும் பட்டியல்படி, கோவிலுக்குப் போகும் குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம் என்று பார்க்காமல் போக வேண்டும். பசித்தவனுக்கு மாவு கொடுத்துச் சபைக்கு ஆள் சேர்த்தார்கள் என்ற பேச்சு வந்தால் அதைக் கழுவ ஒரு தலைமுறை ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி அனுப்பும் பணம் பயிற்சிக்கு மட்டும். யாரைப் பயிற்றுவிப்பது என்பதை அந்தந்தச் சபை கூடி, வாக்கெடுத்துச் சொல்ல வேண்டும். நீலகிரிக்கு அதில் வாக்கு இல்லை. நீலகிரியில் உறவினர் உள்ளவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய் யாரும் வகுப்பெடுப்பதில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் கல்யாணத்துக்கு மட்டும் போகட்டும்.

போதகர் எதிர்த்து வாக்களித்தார். பிறகு நிறைவேற்றுவதில் முழு மனதோடு நின்றார்.

பயிற்சி எப்படி மாறியது

தங்கிப் படிக்கும் முறை கைவிடப்பட்டது. ஆளை வேலையிலிருந்து பிடுங்காமல், இருக்கிற இடத்திலேயே பயிற்றுவிக்கும் விரிவாக்க இறையியல் கல்வி 1963-இல் குவாத்தமாலாவில் தொடங்கியது. வாரம் முழுவதும் பயிற்சிப் புத்தகத்தில் படிப்பது, படித்ததை ஊழியத்தில் செய்துபார்ப்பது, வாரம் ஒரு முறை குழுவாகக் கூடிப் பேசுவது என்பதுதான் அதன் அமைப்பு. அக்கரையில் ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரும் டவுன் போதகரும் பொறுப்பேற்றார்கள். ஞாயிறு மாலை, கொழுந்தை எடைபோட்டு முடித்த பிறகு, ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் வகுப்பு.

ஆசிரியர் பாடத்திட்டத்தைத் தலைகீழாக்கினார். முதல் பாடம் சாவு வீடு. அடக்க ஆராதனையை நடத்திக் காட்டச் சொன்னார். இந்து உறவினராக நடிக்க ஒருவர், இடம் கொடுக்கத் தயங்கும் தோட்ட அதிகாரியாக நடிக்க ஒருவர். தப்பு மேள விஷயத்தில் வகுப்பு எடுத்த நிலை எனக்குப் பிடித்தது: சவத்தோடு வரும்வரை அவர்கள் அடிக்கட்டும், குழியருகே ஜெபம் தொடங்கும்போது நிறுத்தும்படி முதல் நாளே பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வது. இரண்டாவது பாடம் நோயாளியைச் சந்திப்பது. மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டு பிரசங்கம் தயாரிப்பது மூன்றாவதாகத்தான் வந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் பேசினால் வகுப்பே எழுந்துவிடும். வேதாகமத்தில் ரூத் என்ற ஏழை விதவை பிறர் வயலில் கதிர் பொறுக்கியதைப் பற்றிப் பேசிய ஒரு கொழுந்துப் பெண், வயல்காரர் போவாசின் வேலையாட்கள் வேண்டுமென்றே அரிகளில் சிலவற்றைச் சிந்திவிட்டதை, தராசில் கிலோ குறைத்து எழுதும் பழக்கத்தோடு வைத்துப் பேசியதாக ஆசிரியர் எழுதியிருந்தார். அன்று அவர் வேறு யாரையும் பேசவிடவில்லையாம்.

ஞானஸ்நானத்துக்கும் ஒரு பாடம் தேவைப்பட்டது. மூழ்கு ஞானஸ்நானத்துக்கு ஓடைதான் இடம். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழ் லயத்துக் குழாய்க்குப் போகிறது. முன்பு ஒரு முறை இதனால் தகராறு வந்திருக்கிறது. குழாய்க்குக் கீழே உள்ள இடத்தைத் தேர்ந்து, தோட்ட நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது என்று வழக்கமாக்கினார்கள்.

செலவுப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும்: புத்தகங்கள், ஆசிரியரின் பஸ் கட்டணம், தேநீருக்கும் பணிசுக்கும் (பன்னுக்கும்), கைக்காசை விட்டு வருகிறவர்களுக்கு அந்த இழப்பு. நால்வரின் படியில் பாதிகூட ஆகவில்லை.

விளைவு

முதல் நால்வரில் ஒருவர் சம்பளம் தருவதாகச் சொன்ன பெரிய ஐக்கியம் ஒன்றுக்குக் கொழும்புக்குப் போய்விட்டார். ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். அவர் சபை அவரை அழைக்கவில்லை. அது அவரை மிகவும் காயப்படுத்தியது. புறப்படுமுன் நீலகிரிக்கு எழுதிய கடிதத்தில், “என்னைக் கேட்டுத்தான் எடுத்தீர்கள், கேட்காமல் விட்டீர்கள்” என்று இருந்தது. அந்தக் கடிதத்துக்கு யாரும் சரியாகப் பதில் எழுதவில்லை. மூன்றாமவர் ஒரு பள்ளியில் காவலாளி வேலை பார்த்துக்கொண்டு ஞாயிறு மாலை பிரசங்கிக்கிறார். ஆராதனையை மாலைக்கு மாற்றிய அந்த நான்காமவரை இரண்டு தோட்டச் சபைகள் சேர்ந்து அழைத்தன; இரண்டும் சேர்ந்து பாதிச் சம்பளம் கொடுக்கின்றன, மீதிக்கு அவர் டியூஷன் எடுக்கிறார்.

சாதி காரணமாகத் திருவிருந்துக்கு வராமல் நின்றவர்களில் பாதிக் குடும்பங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. மற்ற பாதி வேறு கூட்டத்துக்குப் போய்விட்டது, திரும்பவில்லை. ஒரு சபை, பிரசங்கி போனதும் இளைத்து, இப்போது ஐந்து குடும்பங்களாக நிற்கிறது. படி தொடர்ந்திருந்தால் அது இப்படி ஆகியிருக்காது என்று போதகர் இன்றும் சொல்வார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

புதிய வகுப்பில் ஒன்பது பேர் தொடங்கி ஐந்து பேர் முடித்தார்கள். ஐவரில் இருவர் பெண்கள். பெண்கள் பிரசங்கிப்பதில் பாப்டிஸ்டுகளிடையே ஒருமித்த கருத்து கிடையாது. அங்குள்ள சபைகள் அவர்கள் வீட்டு ஜெபத்தையும் சாவு வீட்டு ஜெபத்தையும் நடத்தலாம், திருவிருந்து நடத்தக்கூடாது என்று நிறுத்திக்கொண்டன. ரூத்தைப் பற்றிப் பேசியவரின் பேச்சைக் கடிதத்தில் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. முடிவு அவர்களுடையது.

காணிக்கை மூன்று சபைகளில் மறுபடி தொடங்கியது. 2024-இல் நாள் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகு இரண்டு சபைகள் டவுன் போதகரின் பஸ் செலவைத் தாங்களே ஏற்பதாக எழுதின. நிவாரணத்தைப் பற்றி எந்தப் புகாரும் வரவில்லை.

இங்கேயும் ஒன்று நடந்தது. மாதம் ஒரு புகைப்படம் வராமற்போனதும் நீலகிரிச் சபையில் ஆர்வம் குறைந்தது. தங்கள் பெயரில் ஓர் ஊழியர் இருந்த காலத்தில் கொடுத்தவர்கள், பஸ் கட்டணத்துக்கும் பணிசுக்கும் என்றதும் கையை இழுத்துக்கொண்டார்கள். டேன்டீ நிலங்களை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கும் பேச்சு எழுந்து, தங்கள் சொந்த வீட்டைப் பற்றியே கவலை வந்த காலமும் அதுதான். பிடியரிசி மட்டும் குறையவில்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

முதல் கடிதம் தோட்டத்துச் சபைக் கூட்டத்துக்குப் போக வேண்டும், உறவினர் வீட்டுக்கு அல்ல. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டிருந்தால் சாவு வீட்டுப் பாடம் 2016-இலேயே தொடங்கியிருக்கும்.

முழுநேர ஊழியர் என்ற எண்ணத்தையே தொடக்கத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. பதினைந்து குடும்பக் கூட்டத்தால் ஒரு முழுச் சம்பளத்தை எந்தக் காலத்திலும் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாத ஒன்றை நாம் தொடங்கிவைத்தால் நாமே என்றும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். படி கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், முடியும் தேதியை முதல் நாளே எழுத்தில் வைப்பதும், வாங்குகிறவரின் நாட்டுப் பணத்தில், அங்குள்ள நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டுத் தொகையை நிர்ணயிப்பதும் அவசியம்.

தனிநபர் கணக்கு வழியே அனுப்புவது சட்டம் விட்டுவைத்த வழி, அதை மாற்ற முடியாது. ஆனால் நான்கு பேர் நான்கு ஊழியருக்கு என்று பிரிக்காமல், உள்ளூர்ச் சபைகள் சேர்ந்து பொறுப்பேற்ற ஒரே கணக்குக்கு எல்லோரும் அனுப்பலாம். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

விலகியவர்களுக்கு என்ன செய்வது என்பதை யாரும் யோசிக்கவில்லை. முழுநேர ஊழியத்துக்காகத் தோட்ட வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்ட இளைஞனுக்கு, சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதியும்) இல்லை, திரும்பச் சேர இடமும் இல்லை. ஆறு ஆண்டு அவரைத் தாங்கிய சபை அந்தத் தொகையில் மாதம் ஐந்நூறு ரூபாயை அவர் பெயரில் ஒதுக்கியிருந்தால், வளைகுடாவுக்குப் போவதற்கு முன் அவருக்கு வேறு வழியும் இருந்திருக்கும். வரும் பங்குனியில் கூடும் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது இரண்டாவது விஷயமாக இருக்கிறது. முதல் விஷயம், ஐந்து குடும்பங்களாகிவிட்ட அந்தச் சபை அனுப்பியிருக்கும் கடிதம். வகுப்பில் சேர்க்க ஒரு பெயரை வாக்கெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு நீலகிரியில் உறவினர் யாரும் இல்லை.